நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டியில் செடிக்காக விடும் கார்பன் டை ஆக்சைடு சீராக வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடிப்பது

மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுங்கள். சிலிண்டரின் பெரிய வால்வை மூடுங்கள். ஏர் பம்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் ஃபில்டரின் வாயை மேலே திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். பிழையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மதுரைக் கோடையில் இந்த அவசரம் இன்னும் கூடுதல். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரால் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 32 டிகிரியில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். தை மாதம் மீன் பொறுத்துக்கொண்ட அதே கார்பன் டை ஆக்சைடு அளவை, சித்திரையில் பொறுக்காமல் போக வாய்ப்புண்டு.

மீன் நன்றாக இருக்கிறது, குமிழிதான் ஒழுங்காக வரவில்லை என்றால், நீடில் வால்வில் (வாயு ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் திருகில்) கை வைக்காதீர்கள். குமிழி குறைந்ததும் கை முதலில் போவது அங்கேதான். கூட்டிவிடுவோம். நாலு மணி நேரத்தில் மூலக் காரணம் தானாகச் சரியாகி, கூட்டிய அளவு அப்படியே மீன் மேல் இறங்கும். வால்வைத் திருகாதவரை அது ஒரு சாட்சி. திருகிய பிறகு எது மாறியது, எதை நீங்கள் மாற்றினீர்கள் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. சிலிண்டரில் தொடங்கி, வாயு போகும் பாதையிலேயே தொட்டிவரை நடந்து பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தொடங்கும் முன் ஒரு நாள் முழுக்கக் குறிப்பு எடுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பெரிய கேஜில் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) என்ன காட்டுகிறது, சின்ன கேஜில் (அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் அழுத்தம்) என்ன காட்டுகிறது, நிமிடத்துக்கு எத்தனை குமிழி, டிராப் செக்கர் (தண்ணீரில் கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குப்பி; குறைவென்றால் நீலம், போதுமென்றால் பச்சை) என்ன நிறம். இந்தச் சின்ன அட்டவணையே பாதிப் பிழையைச் சொல்லிவிடும்.

பகலில் ஒரு வேகம், விடியற்காலையில் வேறு வேகம்

நம் ஊரில் மிக அதிகமாக வரும் பிரச்சினை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிலிண்டருக்குள் இருப்பது வெறும் வாயு அல்ல. அடியில் திரவம், அதன் மேல் வாயு. திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது அறையின் சூடு. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் திரவம், வாயு என்ற பிரிவே உள்ளே இருக்காது. அதற்கு மேல் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது, எத்தனை கிலோ நிரப்பியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை இந்த எல்லையைத் தினமும் தாண்டும். ஆகவே பெரிய கேஜின் முள் மதியம் ஏறுவதும் ராத்திரி இறங்குவதும் இயல்பு. இறங்கிய முள்ளைப் பார்த்து 'லீக்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நேற்று மதியம் என்ன காட்டியது, இன்று மதியம் என்ன காட்டுகிறது என்று, ஒரே சூட்டில் இருந்த நேரங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

சூடு ஏறினால் குமிழியும் கூடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டரில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தமே உள்ளே இருக்கும் அடைப்பானை அதன் இருக்கையோடு சேர்த்துத் தள்ளிப் பிடிக்கிறது. ராத்திரி அழுத்தம் இறங்கும்போது அந்தப் பிடி தளர்கிறது, அடைப்பான் ஒரு இழை கூடுதலாகத் திறக்கிறது, வெளியே போகும் அழுத்தம் சற்று ஏறுகிறது. மதியம் மெதுவாக ஓடிய குமிழி காலையில் வேகமாக ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உறுதி செய்ய சின்ன கேஜைப் பாருங்கள். மதியத்துக்கும் காலைக்கும் இடையில் அதன் முள்ளும் நகர்ந்திருந்தால் குற்றவாளி ரெகுலேட்டர். முள் அசையவே இல்லை, குமிழி மட்டும் மாறியிருக்கிறது என்றால் ரெகுலேட்டரை விட்டுவிட்டு நீடில் வால்வையும் அதற்கு அப்பால் உள்ளதையும் தேடுங்கள்.

ரெகுலேட்டர்தான் என்றால், காசு செலவில்லாத வைத்தியம் சிலிண்டரை இடம் மாற்றுவது. சாயங்கால வெயில் காயும் மேற்குச் சுவர், ஃபிரிட்ஜின் முதுகுப்புறம், லைட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டிகள் சூடேறும் மூடிய ஸ்டாண்டு, இந்த மூன்றும் கூடாது. வீட்டிலேயே குளிர்ச்சியான தரைத்தளச் சுவர் ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் கட்டிவிடுங்கள். டியூப் நீளம் கூடினால் கவலையில்லை. வெளிவரும் அழுத்தம் ஒரு பார் அளவுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தால் அதை இரண்டு பார் பக்கம் கொண்டுவந்து, நீடில் வால்வை மறுபடி நிதானமாக அமையுங்கள். 0.2 பார் ஏற்ற இறக்கம் ஒரு பாரில் ஐந்தில் ஒரு பங்கு; இரண்டு பாரில் பத்தில் ஒரு பங்குதான். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், இரண்டு படியாக அழுத்தத்தைக் குறைக்கும் இரட்டை நிலை ரெகுலேட்டர் வாங்க வேண்டும். விலை கூடத்தான். ஆனால் விலையுயர்ந்த செடியும் மீனும் வைத்திருப்பவர்கள் அடுத்த லைட்டை வாங்கும் முன் இதை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

ரெகுலேட்டர் வியர்க்கிறது, உறைகிறது, முள் குதிக்கிறது

இந்த அறிகுறியைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: அந்த சிலிண்டர் முன்பு தீயணைப்பானாக இருந்ததா?

2 கிலோ, 4.5 கிலோ தீயணைப்பான் சிலிண்டரை மாற்றித்தான் நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். சுலபமாகக் கிடைக்கிறது, நிரப்பிக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் தீயணைப்பானின் வால்வுக்குக் கீழே, சிலிண்டரின் அடிவரை நீளும் ஒரு குழாய் இருக்கும். நெருப்பின் மேல் திரவத்தையே பீய்ச்சி அடிக்க வேண்டும் என்பதற்காக வைத்த குழாய் அது. அதைக் கழற்றாமல் ரெகுலேட்டரை மாட்டினால் வாயுவுக்குப் பதில் திரவம் மேலே ஏறும். ரெகுலேட்டருக்குள் அது சட்டென்று விரிந்து ஆவியாகும்போது உலோகம் உறையும், ரப்பர் வளையங்கள் கெடும், குமிழி ஒரு நேரம் நின்று ஒரு நேரம் பொங்கும். நிமிர்ந்து நிற்கும் சாதாரண சிலிண்டரில், நம் தொட்டிக்குத் தேவைப்படும் சின்ன ஓட்டத்தில் ரெகுலேட்டர் உறைய வேண்டிய அவசியமே கிடையாது.

குழாயை நீங்களே கழற்ற முயலாதீர்கள். சிலிண்டர் முழுக்கக் காலியான பிறகு, நிரப்பும் இடத்தில் வால்வைக் கழற்றி அவர்கள்தான் எடுக்க வேண்டும். 'அடிக்குழாய் வேண்டாம், வாயுவாக வர வேண்டும்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு நிரப்புபவர்களுக்கு உடனே புரியும். குழாய் இல்லாத சிலிண்டரிலும் இதே கோளாறு வந்தால் அதைப் படுக்க வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். படுத்தால் திரவம் வால்வுவரை வந்துவிடும்.

விட்டு விட்டு வருகிறது: பத்துக் குமிழி, பிறகு ஒன்றுமில்லை, மறுபடி பத்து

இங்கே பெரும்பாலும் வாயு குறையவில்லை, பாதை தடைபட்டிருக்கிறது. முதலில் செக் வால்வு, அதாவது தொட்டித் தண்ணீர் டியூபில் திரும்பி ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வு. ஏர் பம்புக்கு விற்கும் மலிவான பிளாஸ்டிக் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் நாக்கு நாளடைவில் விறைத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். பின்னால் அழுத்தம் சேர்ந்து ஒரு கட்டத்தில் திறக்கும், இறங்கியதும் மறுபடி ஒட்டும். டியூபை செக் வால்வுக்கு முன்னால் கழற்றி நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அங்கே சீராக வந்தால் வால்வையோ அதற்கு அப்பால் உள்ள டிஃப்யூசரையோ (வாயுவை நுண்குமிழியாக்கித் தொட்டிக்குள் விடும் பீங்கான் வட்டு) சந்தேகிக்கலாம். பித்தளை அல்லது ஸ்டீல் வால்வாக மாற்றிவிட்டால் வெகுநாள் தொல்லை இல்லை.

அடுத்தது டிஃப்யூசர். மதுரையில் பல பகுதிகளின் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை, பீங்கான் வட்டின் நுண்துளைகளிலும் படியும். அதன் மேல் பாசி. வட்டின் ஒரு மூலையிலிருந்து மட்டும் பெரிய பெரிய குமிழியாக வந்தால் அடைப்பு என்று அர்த்தம். பாசிக்கு, தண்ணீர் கலந்த ப்ளீச்சில் ஊறவைக்கலாம். சுண்ணாம்புக்கு வினிகர். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், ஒன்றிலிருந்து எடுத்ததை அப்படியே மற்றதில் போடவும் கூடாது; குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முடித்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, காயவைத்து, அடுத்த நாள் மற்றதைச் செய்யுங்கள். ப்ளீச் போட்டிருந்தால் கடைசியில் குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் ஊறட்டும். நுண்ணிய குமிழி வரும் பீங்கான் வட்டுகளுக்கு இரண்டு பார் பக்கம் அழுத்தம் வேண்டும். ஒரு பாரில் வைத்துவிட்டு வட்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

காலையில் ஆன் ஆனதும் அரை மணி நேரம் குமிழியே வராமல், அப்புறம் ஒழுங்காக வருகிறது என்றால் டியூபுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது. ராத்திரி வாயு நின்றதும் டியூபில் மிச்சம் இருப்பது தண்ணீரில் கரைந்துபோகும், அந்த வெற்றிடத்துக்குள் தொட்டித் தண்ணீர் ஏறும். செக் வால்வை டிஃப்யூசருக்குப் பக்கத்தில் வைத்தால் ஏறும் தூரம் குறையும். சொலினாய்டுவரை (டைமர் சொல்லும் நேரத்தில் வாயுவைத் திறந்து மூடும் மின்வால்வு) தண்ணீர் போய்விட்டால் உள்ளே துரு பிடித்து அதுவும் ஒட்ட ஆரம்பிக்கும்.

குமிழியை எண்ணிப் பார்க்கும் சின்னக் குப்பியான பபுள் கவுண்ட்டரில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். தண்ணீருக்குப் பதில் கிளிசரின் ஊற்றினால் வற்றாது.

திடீரென்று பொங்கி ஓடுகிறது

பல மாதமாக ஒழுங்காக ஓடியது, ஒரு ராத்திரியில் எண்ண முடியாத வேகத்தில் ஓடுகிறது என்றால், பெரிய கேஜைப் பாருங்கள். அது பாதிக்கும் கீழே இருந்தால் சிலிண்டர் முடியப்போகிறது. மேலே சொன்ன அதே காரணம்தான், இப்போது பெரிய அளவில் நடக்கிறது: உள் அழுத்தம் சரியச் சரிய ஒற்றை நிலை ரெகுலேட்டர் வெளி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். மீன்கள் கூட்டமாகச் சாவது பெரும்பாலும் இந்தக் கடைசி நாட்களில்தான்.

கேஜை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அறை 31 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது, திரவம் தீரும்வரை முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டு அப்புறம்தான் இறங்கும். கோடையிலோ முள் சூட்டோடு அலைந்துகொண்டே இருப்பதால் மிச்சம் எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. எடை போடுவதுதான் சரியான அளவு. காலி எடை சிலிண்டரின் தோள்பட்டையிலோ வால்விலோ குத்தியிருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுத் தராசில் நிறுத்திக் கழித்தால் மிச்ச வாயு தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டால் சொட்டுவரை தீர்க்க ஆசைப்படாமல் நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.

நிரப்பி வந்து சில நாளிலேயே காலி

லீக். சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள்: சிலிண்டர் வாய், கேஜ் இரண்டின் கழுத்து, சொலினாய்டு, நீடில் வால்வு, பபுள் கவுண்ட்டரின் மூடி. முதல் சந்தேகம் சிலிண்டர் வாயில் இருக்கும் வாஷர் மேல்தான் வர வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக உட்காராது. நிரப்பும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். பத்து ரூபாய்ச் சாமானுக்காக ஒரு சிலிண்டர் வாயுவை விட வேண்டாம்.

சோப்பில் தெரியாத மெல்லிய லீக்குக்கு இன்னொரு சோதனை. சொலினாய்டு ஆஃப் ஆனபின் சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். பெரிய கேஜில் முள் நிற்கும் இடத்தைக் குறித்துவையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். நன்றாக விழுந்திருந்தால் சிலிண்டர் வாய்க்கும் சொலினாய்டுக்கும் நடுவில் லீக். விழவில்லை என்றால் லீக் அதற்கு அப்பால். சிலிக்கான் டியூப் போட்டிருந்தால் அதையே மாற்றுங்கள். அதன் சுவர் வழியாகவே கார்பன் டை ஆக்சைடு கசிந்து போகும். பாலியூரித்தேன் டியூப் நல்லது.

லீக்கை வெறும் காசு நஷ்டமாக மட்டும் நினைக்காதீர்கள். 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வந்தால் ஏறக்குறைய 1,100 லிட்டர். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்துக்கு, அது காற்றில் நான்கு சதவீதம். உயிருக்கு ஆபத்தான அளவு அது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரைப்பக்கம் தேங்கும். ஏசி போட்டு, கதவு ஜன்னலைச் சாத்தித் தரையில் பாய் விரித்துப் படுக்கும் அறையில் சிலிண்டர் வைக்கவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நேரம் தவறுகிறது: தாமதமாகத் தொடங்குகிறது, ராத்திரியும் ஓடுகிறது

வாயு, லைட்டுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு தொடங்கி, லைட் அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்க வேண்டும். வட்டை திருப்பி வைக்கும் மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் நிறுத்தும் நாளில் உங்கள் டைமர் அத்தனை மணி நேரம் பின்தங்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் வாயு லைட் இல்லாத ராத்திரியில் ஓடும், செடி எடுத்துக்கொள்ளாது, விடியும்போது மீன் மேலே நிற்கும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குவதோடு இது முடிந்தது.

டைமர் சரி, ஆனாலும் நிற்கவில்லை என்றால் சொலினாய்டைப் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். டியூபில் தேங்கியது கொஞ்ச நேரம் வரும், பிறகு அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் உள்ளே தூசியோ துருவோ சிக்கியிருக்கிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அது கடகடவென்று இரைந்தால் மின்சாரம்தான் காரணம், வால்வைக் குறை சொல்ல வேண்டாம். ஃபில்டரும் சொலினாய்டும் ஒரே லைனில் இருக்கட்டும். ஃபில்டர் நின்று வாயு மட்டும் ஓடும் நிலை வரக்கூடாது.

குமிழி கடிகாரம் போல ஓடுகிறது, டிராப் செக்கர் மட்டும் நீலம்

வாயு சரியாக வருகிறது, தண்ணீரில் தங்கவில்லை. கோடையில் தினமும் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்க இறங்க, ஃபில்டரிலிருந்து விழும் தண்ணீர் உயரத்திலிருந்து கொட்ட ஆரம்பிக்கும். அந்தச் சலசலப்பு வாயுவை வெளியே அடித்துவிடும். தினமும் மட்டத்தை நிரப்பினாலே பல தொட்டிகள் சரியாகிவிடும்.

நிறம் மாற இரண்டு மணி நேரம்வரை ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். காலை எட்டு மணிக்கு நீலமாக இருப்பது ஆறு மணியின் செய்தி.

இதற்கு எதிரான ஆபத்து ஒன்றும் உண்டு: பச்சையாக இருக்கிறது, மீன் தவிக்கிறது. டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்களா? உள்ளே இருக்க வேண்டியது கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 4 உள்ள கரைசல். அப்போதுதான் பச்சை என்பது 30 பிபிஎம், அதாவது லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு. கேஎச் 12 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால் அதே பச்சைக்கு 90 பிபிஎம் என்று பொருள். கரைசலை வீட்டிலேயே செய்யலாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரில் 1.2 கிராம் சமையல் சோடாவைக் கரையுங்கள். அது கேஎச் 40. அதில் 100 மில்லியை எடுத்து, அதே டிஸ்டில்டு வாட்டரால் ஒரு லிட்டராக்கினால் கேஎச் 4. அதில் நிறம் காட்டும் ப்ரோமோதைமால் புளூ திரவம் சில சொட்டு. கேன் தண்ணீர் உதவாது.

ஈஸ்ட், சர்க்கரை பாட்டிலில் ஓட்டுபவர்களுக்கு: நம் சூட்டில் ஈஸ்ட் முதல் சில நாள் பொங்கிவிட்டுச் சீக்கிரம் அடங்கும், அதைச் சீராக்க வால்வு உதவாது. அந்தப் பாட்டிலை அடைத்தால் வெடிக்கும்.

நிரப்பக் கொடுக்கும்போது

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் வெல்டிங் வேலை பார்ப்பவர்களிடம் விசாரித்தால் நிரப்பும் இடம் தெரிந்துவிடும். சிலிண்டரில் கடைசியாகச் சோதித்த தேதி குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து ஆண்டு கடந்திருந்தால் அழுத்தச் சோதனை முடித்துத்தான் நிரப்ப வேண்டும். 2 கிலோ சிலிண்டரில் 2 கிலோதான். 'கொஞ்சம் சேர்த்துப் போடுங்க அண்ணே' என்று கேட்காதீர்கள்; உள்ளே விரிய இடமில்லாத சிலிண்டர் மதிய வெயிலில் பாதுகாப்புத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மொத்தத்தையும் வெளியே விடும். காலையிலோ சாயங்காலமோ போய், வாங்கியதும் எடை பார்த்து, நேராக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காரில் கொண்டுவந்தால் ஜன்னலைத் திறந்துவையுங்கள், வழியில் வெயிலில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். மாட்டும்முன் சிலிண்டர் வாயில் இருக்கும் தூசியைத் துடைத்து, புது வாஷர் போட்டு, பெரிய வால்வை மெதுவாகத் திறந்து, அடுத்த நாள் மதியம்வரை நீடில் வால்வைத் தொடாமல் விடுங்கள்.